28 இஞ்ச் சைக்கிள்: மிதிக்கும்போது 'டக்' சத்தம், அப்படியே சென்னைக்கும் கொண்டு போகணும்

கப்பலூர் ஷிஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். கப்பலூர் சிட்கோவுல ஒரு கம்பெனியில வேலை. திருமங்கலத்துலருந்து தெனமும் சைக்கிள்லதான் போய் வர்றேன். இப்ப அம்பத்தூர் யூனிட்டுக்கு மாத்திட்டாங்க. அடுத்த மாசம் கிளம்பணும். ரூம் கம்பெனிக்குப் பக்கத்துலயே கிடைச்சிருச்சு, அதனால வண்டியையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.

வண்டி ஹெர்குலிஸ், 28 இஞ்ச், டபுள் பார், ராடு பிரேக். ஒரு பால்காரர்கிட்ட வாங்குனது. கேரியர்ல கேன் மாட்டுற கொக்கி இன்னும் அப்படியே இருக்கு. ஃபிரேம் கல்லு மாதிரி, ரிம்முல கோட்டம் இல்ல.

மூணு சந்தேகம்.

பாலம் ஏறும்போதும், எதிர்க்காத்துல அழுத்தி மிதிக்கும்போதும் 'டக்'குன்னு ஒரு சத்தம். பெடல் ஒரு சுத்து வந்தா ஒரு தடவை. சமதரையில சும்மா உருட்டிக்கிட்டுப் போனா கேக்கல. ஒரு கடையில "பி.பி. (பெடல் ஆக்சில் சுத்துற பேரிங்) போச்சு, ஆக்சிலு, கப்பு, குண்டு எல்லாம் மாத்தணும்"னாங்க. இன்னொரு கடையில "செயினையும் ஃப்ரீவீலையும் சேத்து மாத்திருங்க"ன்னாங்க. ரெண்டு பேருமே வண்டியில ஏறிக்கூடப் பாக்கல.

அடுத்து டயரு. முன் டயர் பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருச்சு. புதுசு கேட்டா 700சின்னு ஒண்ணைக் குடுத்து "இதுவும் 28 தான்"னாங்க. எம்புட்டு முக்கியும் ரிம்முல ஏறல.

கடைசியா, எப்படிக் கொண்டு போறது? ரயில்லயா, லாரி சர்வீஸ்லயா, ஆம்னி பஸ் டிக்கியிலயா? வீலைக் கழட்டணுமா? காத்தை இறக்கணுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

நாகமலை ரைடர்:

ப்ரோ, தப்பா நினைக்காதீங்க. இருபது கிலோ இரும்பை 450 கிலோமீட்டருக்கு மேல தூக்கிட்டுப் போறதுக்கு, அதை இங்கயே வித்துட்டு அங்க ஒரு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கிரலாம். அம்பத்தூர் டிராஃபிக்ல ராடு பிரேக்கை நம்பி எப்படிப் போவீங்க?

சத்தத்துக்கு பெடல் சந்துல டபிள்யூடி-40 அடிச்சுப் பாருங்க. பாதி கேஸ் அதுலயே சரியாயிரும்.

சிறுமலைக்கோ போடிமெட்டுக்கோ போறப்ப நான் கார் பின்னாடி கேரியர் மாட்டித்தான் வண்டியைக் கொண்டு போவேன். நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். சென்னைக்கு யாராவது கார்ல போனா அப்படி அனுப்பலாம், ஆனா உங்க வண்டி வெயிட்டைச் சாதாரண கேரியர் தாங்குமான்னு பாத்துக்கங்க.

செல்லூர் சைக்கிள்கடை:

தம்பி, எந்தப் பார்ட்ஸும் இப்பதைக்கு வாங்காதீங்க.

செல்லூர்ல அப்பா வச்ச கடை, இப்ப நான்தான் பாக்குறேன். பொம்பளை கடையில வண்டி விடலாமான்னு யோசிச்சவங்க எல்லாம் இப்ப பிள்ளைங்க வண்டியையும் சேத்துக் கொண்டாந்து விடுறாங்க, அது வேற கதை. தறிக்காரங்க சேலைக்கட்டு கட்டிட்டுப் போற வண்டி, பால் வண்டி, டீக்கேன் வண்டின்னு எங்க கடைக்கு வர்றதுல பாதி இந்த 28 இஞ்ச்தான்.

உங்க வண்டியில போனது காட்டர் பின்னு, அதான் பெடல் மாட்டுற கிராங்கை ஆக்சிலோட பூட்டி வைக்கிற ஆப்பு. பாக்காமலே சொல்றேன்னு நினைக்காதீங்க, நீங்க எழுதுனதுலயே அது இருக்கு. பெடல் ஒரு சுத்துக்கு ஒரு சத்தம்னா கோளாறு பெடல், கிராங்க், பி.பி. இந்த மூணுக்குள்ளதான். செயின்ல ஒரு கண்ணி இறுகியிருந்தா அது சுத்துக்குச் சுத்து வராது. செயின் வீல் 44 பல்லு, செயினு நூத்துச் சொச்சம் கண்ணி. பெடல் ரெண்டு சுத்துக்கு மேல வந்தாத்தான் அதே கண்ணி மறுபடி வரும். சக்கரத்துல கோளாறுன்னா பெடல் ஒரு சுத்துக்கு ரெண்டு மூணு தடவை சத்தம் வரணும், மிதிக்காம உருளும்போதும் வரணும். சீட்டு ஸ்பிரிங்கா இருந்தா எந்திரிச்சு நின்னு மிதிச்சாப் போயிரும். அழுத்துனா மட்டும், சுத்துக்கு ஒண்ணுன்னு வருதுன்னா, பால்காரர் வண்டியில நான் மொதல்ல கை வைக்கிற இடம் காட்டர் பின்னுதான். ரெண்டு கேன் பாலோட எந்திரிச்சு நின்னு மிதிச்ச வண்டி அது.

உறுதி பண்ணிக்க இப்படிச் செய்ங்க. வண்டியைச் சுவத்துல சாச்சு, ஒரு கிராங்கை முழங்காலால அசையாமப் பிடிச்சுக்கிட்டு, மத்த கிராங்கைக் கையால மேலயும் கீழயும் ஆட்டுங்க. அது தனியா ஆடுச்சுன்னா பின்னு. அப்புறம் ரெண்டு கிராங்கையும் பிடிச்சு, ஃபிரேமைப் பாத்து உள்ள வெளியன்னு ஆட்டுங்க. ரெண்டும் சேந்தே ஆடுச்சுன்னா பி.பி. கப்பு லூஸு. அதுக்கும் எல்லாத்தையும் மாத்த வேண்டியதில்ல, இடது பக்க ரிங்கைத் தளத்திக் கப்பை இறுக்குனாப் போதும். இன்னொண்ணு, பின்னாலருந்து குனிஞ்சு பாத்தா ரெண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். ஒண்ணு கொஞ்சம் முந்திக்கிட்டு நின்னா பின்னு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

டபிள்யூடி-40 சொன்ன தம்பிக்கு: துருப்பிடிச்ச நட்டைக் கழட்ட அது நல்ல சாமான், எங்க கடையிலயும் இருக்கு. பி.பி.க்குள்ள பீச்சிராதீங்க, உள்ள இருக்கற கிரீஸைக் கரைச்சு வெளிய கொண்டாந்துரும். ரெண்டு நாள் சத்தம் கேக்காது. அப்புறம் வர்ற சத்தம் வேற மாதிரி இருக்கும்.

டயர் விஷயம். 28 இஞ்ச்னு சொல்றது வெறும் பேருதான். உங்க ரிம்முக்கு 28 x 1½ டயர். டயரோட பக்கவாட்டுல பொடி எழுத்துல 40-635ன்னு போட்டிருக்கும். அந்த 635தான் ரிம்முல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல. 700சிக்கு அது 622. 13 மில்லி சின்னது, அது எப்படி ஏறும்? நெம்பி நெம்பி ஏத்தப் பாத்தா டயர் ஓரத்துக் கம்பிதான் அறுந்துபோகும். 26 இஞ்ச் இதை விடக் குழப்பம்: 26 x 1⅜க்கு 590, 26 x 1½க்கு 584, மவுண்டன் வண்டி 26க்கு 559. மூணையும் 26ன்னுதான் விக்கிறாங்க. அதனால கடைக்குப் போறப்ப இஞ்ச் சொல்லாதீங்க, பழைய டயர்ல இருக்கற அந்த மூணு இலக்க நம்பரைச் சொல்லுங்க.

28 x 1½ டயரும் டியூப்பும் நம்ம ஊர்ல பார்ட்ஸ் கடையில சாதாரணமாக் கிடைக்கும். முன்னுக்குப் பின்னுக்குன்னு ஒரு ஜோடி வாங்கி வச்சுக்கங்க. அழகர் ஆத்துல எறங்குற வாரம் மட்டும் டவுனுக்குள்ள பார்ட்ஸ் வாங்கப் போயிராதீங்க, போனா வெளிய வர முடியாது.

நாகமலை ரைடர்:

அக்கா, வாபஸ் வாங்கிக்கறேன். டபிள்யூடி-40ஐ மட்டும்தான். ஹைப்ரிட் ஐடியா ஐடியாதான்.

கப்பலூர் ஷிஃப்ட்:

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். வலது கிராங்கை முழங்கால்ல முட்டுக் குடுத்தா இடது கிராங்கு தனியா ஆடுது. உள்ள வெளிய ஆட்டம் சுத்தமா இல்ல. அப்ப பி.பி.யைத் தொட வேண்டாம்ல?

பின்னை நானே மாத்திரலாமா, கடையில குடுக்கணுமா? கம்பெனியில ஃபிட்டர் வேலைதான், அரம், சுத்தியல், வைஸ் எல்லாம் பழக்கம்.

செல்லூர் சைக்கிள்கடை:

ஃபிட்டர்னு மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு விளக்கம் எழுதியிருக்க மாட்டேன். நீங்களே மாத்துங்க.

பி.பி.யைத் தொடாதீங்க. ஒரு பக்கத்துக்கு 11 குண்டுன்னு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் குண்டு. ஆடாம, அரைக்காம சுத்துதுன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். எப்பவாச்சும் கழட்ட வேண்டி வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, செயின் பக்கத்துக் கப்பு லெஃப்ட் மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தினாத்தான் கழலும். அது தெரியாம ஸ்பேனர்ல தொங்குற ஆளுங்களை நிறையப் பாத்திருக்கேன். இடது பெடலும் அதே மாதிரி லெஃப்ட் மரைதான்.

இப்ப பின்னு. முந்தின நாள் ராத்திரியே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வச்சிருங்க. காலையில நட்டைத் தளத்துங்க, ஆனா முழுசாக் கழட்டாதீங்க. பின்னோட நுனியும் நட்டோட முகமும் ஒரே மட்டமா வர்றப்ப நிறுத்திக்கங்க, அடி விழுறப்ப மரை நசுங்காது. அடுத்ததுதான் முக்கியம். கிராங்குக்குக் கீழ ஒரு இரும்புக் குழாயைத் தரையிலருந்து முட்டுக் குடுங்க, பின்னோட தலை குழாய் ஓட்டைக்குள்ள இறங்குற மாதிரி. முட்டு இல்லாம அடிச்சா அம்புட்டு அடியும் ஆக்சில் வழியாப் போயி குண்டும் கப்பும்தான் வாங்கும். சத்தம் போகணும்னு பின்னை மாத்தப் போயி பி.பி.யைக் குத்தி வச்சுட்டு வர்ற வண்டி மாசத்துக்கு ஒண்ணாவது வருது. கனமான சுத்தியல், ஒரே அடி. சின்னச் சுத்தியல்ல பத்து அடி அடிச்சா பின்னு வளையும், வெளிய வராது.

புதுப் பின்னு 9 மில்லி, 9.5 மில்லின்னு ரெண்டு உண்டு. பழசைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. மலிவான சாமான்தான், ஜோடியா வாங்கி ரெண்டு பக்கமும் மாத்திருங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துனா கிராங்கு நேர்கோட்டுல நிக்காது.

வாங்குன பின்னு அப்படியே உக்காராது. அதோட சரிவான பட்டை, ஆக்சில்ல இருக்கற பட்டையோட முழுசாப் பொருந்தணும். மெதுவா ஒரு தட்டுத் தட்டி உள்ள ஏத்தி, திரும்பக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க. ஆக்சில் உரசுன இடம் மட்டும் பளபளன்னு கோடு விட்டிருக்கும். கோடு ஒரு ஓரத்துல மட்டும் இருந்தா அந்த ஓரத்தை அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு மறுபடி தட்டிப் பாருங்க. பளபளப்பு பட்டை முழுக்கப் பரவுற வரைக்கும் இதையே செய்யணும். ரெண்டு பின்னையும் ஒரே அளவு அராவணும். கோக்கறப்ப ஒண்ணோட நட்டு மேல பாத்தா இன்னொண்ணோட நட்டு கீழ பாக்கணும், கிராங்கு ரெண்டும் படுக்கையா இருக்கறப்ப சொல்றேன்.

நட்டை முறுக்கிப் பின்னை உள்ள இழுக்கப் பாக்காதீங்க, மரை உருவிக்கும். சுத்தியலால ஏத்திட்டு, அப்புறம் வாஷர் போட்டு நட்டை இறுக்குங்க. கம்பெனிக்கு ஒரு தடவை போய்ட்டு வந்து, திரும்ப ஒரு தட்டு, திரும்ப ஒரு முறுக்கு. புதுப் பின்னு கொஞ்சம் இறங்கும், அந்த ரெண்டாவது முறுக்கை விட்டுட்டா அதே சத்தம் மாசத்துக்குள்ள வந்துரும்.

பிரேக்கையும் சொல்லிர்றேன், மேல ஒரு தம்பி பயமுறுத்திட்டாரு. ராடு பிரேக் ஒண்ணும் மோசமில்ல. இரும்பு ரிம்மு மழையில நனைஞ்சா மட்டும் பிடிக்காது. அப்ப முன்கூட்டியே லேசாப் பிடிச்சு ரிம்மைத் துடைச்சுக்கிட்டு வரணும். பிரேக் கட்டை மாத்துறப்ப ஒண்ணு பாருங்க. அதை வச்சிருக்கற தகரக் கூட்டுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடுன பக்கம் சக்கரம் சுத்துற திசையில முன்னால வரணும். மாத்திப் போட்டா பிரேக் பிடிச்ச வேகத்துல கட்டை வழுக்கி வெளிய வந்துரும்.

அப்புறம் அந்த நாகமலைத் தம்பிக்கு: ஹெர்குலிஸ் வண்டி செய்ய 1949ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சது அம்பத்தூர்லதான். வண்டி பொறந்த வீட்டுக்குப் போகுது, நீங்க விக்கச் சொல்றீங்க.

பழைய கார்டு:

தம்பி, ரயில் விஷயத்தை நான் சொல்கிறேன். தெற்கு ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பச்சைக்கொடி அதேதான். என் பெட்டியை ஒட்டித்தான் லக்கேஜ் அறை இருக்கும். அதில் சைக்கிள் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வழி உண்டு. நீங்கள் போகும் அதே ரயிலில், உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடுவது ஒன்று. டிக்கெட் இல்லாமல் பார்சலாக அனுப்புவது இன்னொன்று. பார்சல் என்றால் எந்த ரயிலில் இடம் கிடைக்கிறதோ அதில் ஏற்றுவார்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் வண்டி மதுரை பிளாட்பாரத்திலேயே நிற்கலாம். உங்களுக்கு லக்கேஜ்தான் சரி. கட்டணம் எடையையும் தூரத்தையும் வைத்துப் போடுவார்கள்.

ரயிலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வந்தே பாரத்தில் சைக்கிள் ஏற்ற லக்கேஜ் பெட்டி கிடையாது. உங்களுக்கு வசதி பாண்டியன். ராத்திரி மதுரையில் ஏறினால் விடியற்காலை இறங்கலாம், சென்னைச் சாலையில் கூட்டம் சேருவதற்குள் ரூமுக்குப் போய்விடலாம். பகலில் வைகை உண்டு, ஆனால் அது போய்ச் சேரும் நேரம் வெயில். எழும்பூரில் வேலை நடந்தால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டில் எது கடைசி ஸ்டேஷன் என்று பார்த்து, சைக்கிளையும் அதே ஸ்டேஷனுக்கே போடுங்கள்.

ரயில் புறப்படுவதற்கு அரை மணி முன்னால் போனால் போதும் என்பார்கள். அதை நம்பாதீர்கள். மதுரை ஜங்ஷனில் மல்லிகைப்பூக் கூடை, மீன் பெட்டி எல்லாம் வரிசையில் நிற்கும் நேரம் அது. இரண்டு மணி நேரம் முன்னாலேயே பார்சல் ஆபீசுக்குப் போய்விடுங்கள். அதற்கும் முன்னால், ஒரு நாள் சாவகாசமாகப் போய் அந்த ரயிலில் லக்கேஜுக்கு இடம் கொடுக்கிறார்களா என்று கேட்டு வந்துவிடுவது நல்லது.

கட்டுவது பற்றி. வீலைக் கழற்றாதீர்கள். உருளும் வண்டியைப் போர்ட்டர் உருட்டிக்கொண்டு போவார், உருளாத வண்டியைத் தூக்கித்தான் போடுவார். காற்றையும் இறக்க வேண்டாம், காற்று இறங்கிய டயரில் உருட்டினால் டியூப் மவுத்து (காற்றடிக்கும் வாய்) பிய்ந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் உடையும். ஆகவே பெடல் இரண்டையும், பெல், டைனமோ, பம்பு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ராடு பிரேக்கின் கம்பிகள் ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் இடத்தில் சாக்கைச் சுற்றி, பழைய டியூப்பை வாராக அறுத்து இறுக்கிக் கட்டுங்கள். கயிறு வேண்டாம், ஆட்டத்தில் தளர்ந்துவிடும். உங்கள் வண்டியில் பால் கேன் கொக்கி இருக்கிறது என்றீர்களே, அதைக் கட்டாயம் கழற்றுங்கள் அல்லது சாக்கு சுற்றுங்கள். பக்கத்துச் சாமானைக் கிழித்துவிட்டால் பேச்சு வரும்.

பெயர், போன் நம்பர், புறப்படும் ஊர், சேரும் ஊர் எல்லாம் அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஹேண்டிலில் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று. ஒன்று கட்டாயம் கிழியும். எம்.டி.யு. என்றால் மதுரை, எம்.எஸ். என்றால் எழும்பூர், டி.பி.எம். என்றால் தாம்பரம். ஆபீசில் ஸ்டேஷன் குறியீட்டை எழுதுகிறபோது சரியாக எழுதினார்களா என்று ஒரு கண் வையுங்கள்.

இறங்கியதும் லக்கேஜ் பெட்டிக்கு நேரே போய்விடுங்கள். ரசீது இல்லாமல் வண்டியைத் தர மாட்டார்கள். எடுக்காமல் விட்டுவைத்தால் அதற்குத் தனியாக வார்ஃபேஜ் என்று ஒரு கட்டணம் கேட்பார்கள்.

உசிலம்பட்டி அம்மா:

நடுவுல கேக்குறேன், மன்னிச்சுக்கங்க. பொண்ணு பிளஸ் ஒன் சேந்திருக்கு, ஸ்கூலுக்குப் புது சைக்கிள். எங்க ஊர்க் காட்டுப்பாதை பூராம் சீமைக்கருவேல முள்ளு, வாரம் தவறாம பஞ்சர். ஒட்டுன மறுநாளே அதே இடத்துல திரும்பப் போகுது. கடைக்காரர் சொலுஷன் சரியில்லங்குறாரு.

செல்லூர் சைக்கிள்கடை:

சொலுஷன் மேல பழி போடாதீங்கக்கா. அதே இடத்துல திரும்பப் போகுதுன்னா முள்ளோட நுனி டயருக்குள்ளயே முறிஞ்சு நிக்குது. கருவேல முள்ளு அப்படித்தான், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. விரலை விட்டுத் தடவாதீங்க, ஏறிரும். கொஞ்சம் பஞ்சை உருட்டி டயரோட உள்பக்கம் ஒரு சுத்து தடவிக்கிட்டே வாங்க, நுனி இருக்கற இடத்துல பஞ்சு சிக்கி நிக்கும். அங்க டயரை வளைச்சுப் பிடிச்சாத் தலை நீட்டும், குறடால பிடுங்கிருங்க. டியூப்ல ஓட்டை இருக்கற இடத்தையும் டயரையும் மவுத்தை வச்சு ஒத்துப் பாத்தா தேடுறதும் சுலபம்.

காத்து மெல்ல மெல்ல இறங்குனா மட்டும் அது முள்ளு இல்ல, வால்டியூப்பு, மவுத்துக்குள்ள இருக்கற சின்ன ரப்பர் குழாய். மவுத்துல எச்சி வச்சுப் பாருங்க, குமிழி வந்தா மாத்திருங்க. வெயில்ல நிக்கிற வண்டிக்கு அந்த ரப்பர் சீக்கிரம் இத்துப் போகும். பொண்ணு பையில ரெண்டு வால்டியூப்பு போட்டு விடுங்க.

புது வண்டின்னா ஓட்ட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ஒரு தடவை எல்லா நட்டையும் இறுக்கி, போக்ஸ் கம்பியையும் பாத்துரணும். புதுக் கம்பி உக்காரும், லூசாகும். அப்பவே இறுக்குனா ரிம்மு கோட்டம் விழாது.

நாகமலை ரைடர்:

கார்டு சார், கியர் வண்டிக்கும் இதேதானா? ஆம்னி பஸ் டிக்கியில போட்டு அனுப்பலாம்னு இருந்தேன். அக்காவுக்கு ஒரு கேள்வி: செயினுக்கு பைக் சர்வீஸ்ல வடிச்ச பழைய ஆயில் விட்டா என்ன? எங்க ஏரியாவுல எல்லாரும் அதான் விடுறாங்க.

பழைய கார்டு:

கியர் வண்டியை லக்கேஜில் போடுவதானால் அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் போடுவது நல்லது. பஸ் டிக்கியில் படுக்க வைப்பீர்கள் என்றால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். முன் வீலைக் கழற்றினால் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் மேலே ஒரு மூட்டை விழுந்தால் கால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். குட்டி யானையில் ஏற்றினால் நிற்க வைத்து, ஃபிரேமில் கட்டுங்கள். ஹேண்டிலில் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது திரும்பும்.

செல்லூர் சைக்கிள்கடை:

பழைய ஆயில்ல இரும்புத்தூள் இருக்கும். அதைச் செயினுக்கு விடுறதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதும் ஒண்ணுதான். அதுவும் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் தூசி அதுல ஒட்டுனா ஒரு வாரத்துல கருப்புக் களிம்பு. தையல் மெஷின் ஆயில் வாங்கி ஒவ்வொரு கண்ணியோட உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால சுத்தி, அப்புறம் வெளிப்பக்கத்தைத் துணியால நல்லாத் துடைச்சிருங்க. எண்ணெய் உள்ள வேணும், வெளிய வேணாம்.

கப்பலூர்த் தம்பி, உங்களுக்கும் இது. செயினையும் ஃப்ரீவீலையும் மாத்தச் சொன்னாங்கல்ல, மாத்தறதுக்கு முன்னாடி ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளங்க. 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கணும், பின்னு நடுவுலருந்து பின்னு நடுவு வரைக்கும். அரை நூல் (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) கூடியிருந்தா செயினை மட்டும் மாத்துங்க. ஒரு நூல் கூடிருச்சுன்னா பல்லும் தேஞ்சிருக்கும், அப்ப ஃப்ரீவீலும் சேத்துத்தான். புதுச் செயினைத் தேஞ்ச பல்லுல போட்டா அழுத்தி மிதிக்கறப்ப வழுக்கும், அதுவும் நடுரோட்டுல.

கப்பலூர் ஷிஃப்ட்:

பின்னு ரெண்டும் மாத்தியாச்சு அக்கா. பளபளப்பு பட்டை முழுக்க வர்றதுக்கு ரொம்ப நேரம் அராவ வேண்டியிருந்துச்சு. பாலத்துல ஏறிப் பாத்தேன், சத்தம் இல்ல. ரெண்டாவது முறுக்கும் குடுத்தாச்சு. செயினு அரை நூல் கூட வரல, அதனால அப்படியே விட்டுட்டேன். 28 x 1½ டயர் ஜோடி கிடைச்சிருச்சு, 635 போட்டிருக்கான்னு பாத்துத்தான் வாங்குனேன். முன்னாடி மட்டும் மாத்திட்டேன்.

கார்டு ஐயா, பாண்டியன்ல டிக்கெட் போட்டாச்சு. பார்சல் ஆபீஸ்ல கேட்டுட்டும் வந்துட்டேன், சீக்கிரம் வரச் சொன்னாங்க. இன்னொரு டயரைக் கேரியர்ல கட்டலாமா?

பழைய கார்டு:

கட்டலாம். ஆனால் ரசீதில் சைக்கிள் ஒன்று என்றுதான் இருக்கும், தனியாகத் தொங்கும் சாமானுக்கு யாரும் பொறுப்பில்லை. டயரை மூன்று வளையமாக மடக்கி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லூர் சைக்கிள்கடை:

மடக்கத் தெரியலன்னா யாராவது டயர்க் கடைக்காரரை மடக்கித் தரச் சொல்லுங்க, கம்பியை முறிச்சிராதீங்க.

பையில 15 நம்பர் ஸ்பேனரும் ஒரு பம்பும் இருக்கணும், பெடலைக் கழட்டி அனுப்புறீங்க, விடியக்காலையில அங்க எந்தக் கடை திறந்திருக்கும்? மாட்டுறப்ப இடது பெடலை இடது பக்கமாச் சுத்தி ஏத்துங்க, மொதல் ரெண்டு மூணு சுத்து கையாலயே ஏறணும். காட்டர் பின்னு நாலஞ்சு கூடுதலா வாங்கிக்கங்க. அங்க கிடைக்காதுன்னு இல்ல, தேடி அலையறதுக்கு உங்களுக்கு லீவு கிடைக்காது.

கப்பலூர் ஷிஃப்ட்:

சரிங்கக்கா, நாளைக்கே வாங்கிர்றேன். 9.5தான்.